காலியாக வந்த கடைசி வரி

ஒரு ஆய்வகத்திலிருந்து வெளியான கல்லீரல் பரிசோதனை அறிக்கைகளில் சில, தவறான எண்களோடு நோயாளிகளின் கைக்குப் போயின. அந்த அறிக்கைப் பக்கத்தை எழுதியவன் நான். தவறு எங்கே என்று தெரிந்ததும் அதைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தவனும் நான்தான். இடையில் பழி வேறொருவர் தலையில் விழுந்தது. விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதாமல் தள்ளிப்போட்டதற்கு வெட்கம் ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. சொன்னால் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் "சின்ன பக்தானே, யார்தான் செய்யவில்லை" என்று என்னைத் தேற்றிவிடுவார்கள், நானும் தேறிவிடுவேன் என்று பயந்தேன். அந்தத் தேறுதல் எனக்கு உரியதல்ல. ஏன் என்று விளங்க முதலில் கொஞ்சம் தொழில் பேச வேண்டும்.

ஜாவாவில் வலைப்பக்கம் எழுத ஜேஎஸ்பி என்று ஒரு முறை உண்டு. ஆரம்பத்தில் பக்கத்துக்குள்ளேயே ஜாவா நிரலைத் திணித்து எழுதுவார்கள். படிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. அந்த அவதியைத் தீர்க்க 2002-இல் ஜேஎஸ்டிஎல் என்ற டேக் நூலகத்தோடு ஒரு சிறிய மொழி வந்தது. எக்ஸ்பிரஷன் லாங்குவேஜ் என்பது முழுப்பெயர், புழக்கத்தில் இஎல். 2003-இல் ஜேஎஸ்பி 2.0 அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 2006-இல் ஜாவா இஇ 5 வந்தபோது, ஜேஎஸ்எஃப் என்ற இன்னொரு ஜாவா வலைச் சட்டகம் தனியாக வைத்திருந்த மொழியையும் இதையும் ஒன்றாக்கினார்கள். டாலர் குறி போட்டு, ஃப்ளவர் ப்ராக்கெட்டுக்குள் ஒரு பெயரை எழுதினால் போதும், அந்தப் பெயருக்குரிய மதிப்பு பக்கத்தில் வந்து உட்காரும். லிஸ்டாக இருந்தால் பெயருக்குப் பின்னால் ஸ்கொயர் ப்ராக்கெட்டில் எண். ரிசல்ட்ஸ்[0] என்றால் முதல் உறுப்பு, ரிசல்ட்ஸ்[1] என்றால் இரண்டாவது.

அந்த ஸ்கொயர் ப்ராக்கெட்டுக்குப் பின்னால் நடப்பதை எங்களில் பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை. அங்கே ரிசால்வர்கள் என்று சில வகுப்புகள் வரிசையில் நிற்கின்றன. ப்ராக்கெட்டுக்கு முன்னால் இருக்கும் பொருள் மேப்பா என்று ஒன்று பார்க்கும். இல்லையென்றால் லிஸ்டா என்று அடுத்தது பார்க்கும். பிறகு அரே, கடைசியில் சாதாரண பீன். பொருள் தன்னுடையது என்று கண்டவர், "நான் தீர்த்துவிட்டேன்" என்று ஒரு கொடியை உயர்த்திவிட்டு வேலையைச் செய்வார், மற்றவர்கள் விலகிக்கொள்வார்கள். லிஸ்டுக்கு உரியவர் லிஸ்ட் இஎல் ரிசால்வர். ப்ராக்கெட்டுக்குள் வந்தது எதுவாக இருந்தாலும் அதை முழு எண்ணாக்க அவர் பாடுபடுவார். "2" என்று எழுத்துச் சரமாக வந்தாலும் 2 ஆகிவிடும். 2.7 வந்தால் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு 2 என்று எடுத்துக்கொள்வார். இஎல்லின் மூலச் செயலாக்கத்தில் பூலியன் 'ட்ரூ' கொடுத்தால் அது 1 ஆகிவிடும்; ஒற்றை எழுத்துக் கொடுத்தால் அதன் குறியீட்டு எண்ணே இண்டெக்ஸ் ஆகிவிடும். எண்ணாகவே மாற்ற முடியாத சொல் வந்தால்தான் எக்ஸெப்ஷன் வீசுவார். லிஸ்ட்.சைஸ் என்று எழுதி, 'சைஸ்' என்ற சொல்லை எண்ணாக்க முடியவில்லை என்ற பிழையை வாங்கிக்கொண்டு முழித்தவர்கள் இதைப் படிக்கும்போது தலையாட்டுவார்கள்.

என் கதைக்கு வேண்டியது இனிமேல்தான் வருகிறது. ஆறு உறுப்புகள் உள்ள லிஸ்டில் ஆறாம் இண்டெக்ஸைக் கேட்டால் என்ன ஆகும்? எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால் அப்படி ஓர் உறுப்பே கிடையாது. ஜாவாவில் நேராகக் கேட்டால் எல்லை மீறியதாக எக்ஸெப்ஷன் வந்து நிரல் நின்றுவிடும். ஸ்பிரிங் என்ற ஜாவா சட்டகத்தின் 3.0 பதிப்புடன் 2009-இல் வந்த ஸ்பெல் என்ற மொழியில் கேட்டாலும், தொகுப்பில் இத்தனை உறுப்புகள்தான் உள்ளன, நீ கேட்ட இண்டெக்ஸ் செல்லாது என்று பிழை எண்ணோடு முகத்தில் அடித்தாற்போல் சொல்லும். இஎல் அப்படிச் செய்யாது. நல் என்று ஒன்றைத் திருப்பித் தரும். நல் பக்கத்தில் அச்சாகும்போது வெற்றிடமாகும். கழித்தல் ஒன்றைக் கொடுத்தாலும் அதே வெற்றிடம்தான்.

இது யோசித்து வைத்த விதி. படிக்கும்போது மட்டும்தான் இந்தப் பொறுமை. இல்லாத இண்டெக்ஸில் எழுதப் போனால் அதே ரிசால்வர் பிராப்பர்ட்டி நாட் ஃபவுண்ட் என்று எக்ஸெப்ஷன் வீசுவார். பக்கத்தைக் காட்டும்போது ஏதோ ஒரு மூலையில் ஒரு மதிப்பு இல்லை என்பதற்காக முழுப் பக்கமும் பிழைச் செய்தியாக மாறக் கூடாது. எழுதும்போது தரவு காணாமல் போகவும் கூடாது. இந்த இரண்டையும் நினைத்துத்தான் அப்படி வகுத்திருக்கிறார்கள். இன்றைக்கும் அதை நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஒரு செய்திப் பக்கத்திலோ கடைப் பக்கத்திலோ அந்தப் பொறுமை பயனர்களைக் காப்பாற்றுகிறது. இரத்தப் பரிசோதனை அறிக்கையில் அதன் மேல் சாய்ந்து நின்றது நான் எடுத்த முடிவு.

அந்தப் பக்கத்துக்கு மூன்று லிஸ்டுகள் வந்தன. பரிசோதனைகளின் பெயர்கள் ஒன்று, முடிவு எண்கள் ஒன்று, இயல்பு வரம்புகள் ஒன்று. பெயர் லிஸ்டின் மேல் சுற்றிவந்து, அதே இண்டெக்ஸில் மற்ற இரண்டிலிருந்தும் எடுத்துப் பக்கத்தில் வைப்பேன். பெயர்கள், வரம்புகள் இரண்டும் மாஸ்டர் அட்டவணையிலிருந்து வருவதால் எப்போதும் முழுசாக இருக்கும். முடிவுகள் மட்டும் தனி வினவலில் வந்தன. அதில் மதிப்பு இல்லாத வரிசைகளை விட்டுவிடும்படி ஒரு நிபந்தனை போட்டிருந்தேன். மூன்றும் ஒரே நீளத்தில் இருக்கும் என்பது என் எண்ணம். அதை எந்த இடத்திலும் சரிபார்க்கவில்லை.

கல்லீரல் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். மொத்த பிலிரூபின், நேரடி பிலிரூபின், எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், மொத்தப் புரதம், ஆல்புமின் என ஏழு வரிகள். இரத்தம் எடுக்கும்போதோ கொண்டுவரும்போதோ சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் எஸ்ஜிஓடி பொய்யாக ஏறிக் காட்டும். அதனால் நல்ல ஆய்வகத்தில் அந்த ஒரு முடிவை மட்டும் நிறுத்தி வைத்து, மறுபடி இரத்தம் கேட்பார்கள். அந்த ஆய்வகமும் அப்படித்தான் செய்தது. பதிவு செய்பவர் எஸ்ஜிஓடி கட்டத்தை முறைப்படி காலியாக விடுவார். என் வினவல் அந்த வரிசையைத் தூக்கி எறியும். முடிவு லிஸ்டில் இப்போது ஆறு எண்கள்: 0.8, 0.2, 31, 92, 7.1, 4.2. பக்கம் என்ன காட்டும்? பிலிரூபின் இரண்டும் சரி. எஸ்ஜிஓடி வரியில் 31 வந்து உட்காரும். அது எஸ்ஜிபிடியின் மதிப்பு. எஸ்ஜிபிடி வரியில் 92. அது ஆல்கலைன் பாஸ்பட்டேஸுக்கு உரியது. அடுத்த வரியில் 7.1, அதற்கடுத்து 4.2. கடைசி வரியான ஆல்புமின் காலி.

மேல் வரம்பைத் தாண்டிய எண்ணைத் தடித்த எழுத்தில் காட்டும்படி எழுதியிருந்தேன். ஆகவே நலமாக இருக்கும் ஒருவரின் அறிக்கையில் எஸ்ஜிபிடி 92 என்று தடித்த எழுத்தில் மின்னும். இஎல்லில் நல்லோடு பெரிதா சிறிதா என்று ஒப்பிட்டால் விடை எப்போதும் 'இல்லை'. அதனால் காலியான ஆல்புமின் வரி எந்தக் குறியும் இல்லாமல் அமைதியாக நிற்கும். கீழ் வரம்பை நான் ஒப்பிடவே இல்லை, 7.1 என்ற நடக்காத எண்ணும் சாதாரண எழுத்திலேயே வந்தது.

சோதனைக் குழுவில் இருந்த ஒரு பெண்தான் முதலில் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. "அண்ணா, லிவர் ரிப்போர்ட்ல கடைசி வரி சில சமயம் காலியா வருது. எப்ப வருதுன்னு பிடிபடல" என்றார். "மெஷின் ரிசல்ட் வரலைன்னா காலியாத்தான் வரும்மா. அது டேட்டா இஷ்யூ, க்ளோஸ் பண்ணிடு" என்றேன். அவர் உடனே போகவில்லை. "இல்லண்ணா, எப்பவுமே கடைசி வரிதான் காலியா இருக்கு. நடுவுல ஒரு வரி காலியா நான் பார்த்ததே இல்ல."

முழு விடையும் அந்த வாக்கியத்தில் இருந்தது. நடுவில் ஒரு கட்டம் காலியாக விடப்பட்டால் பக்கத்தில் நடுவில்தானே காலியிடம் தெரிய வேண்டும்? எப்போதும் கடைசியில்தான் தெரிகிறது என்றால் எண்கள் மேலே ஏறி வந்திருக்கின்றன என்று பொருள். எனக்கு அது அந்த நிமிடமே உறைத்ததா என்று பல முறை என்னையே கேட்டிருக்கிறேன். முழுசாக இல்லை. ஆனால் எங்கேயோ இடித்தது. பார்க்க வேண்டிய இடமும் தெரிந்தது. பார்த்தால் மூன்று லிஸ்டையும் கலைத்து எழுத வேண்டும், வெளியீடு நெருங்கிக்கொண்டிருந்தது, அந்த வடிவமைப்பை மூத்தவர்கள் முன்னால் நானே வாதாடி நிலைநாட்டியிருந்தேன். நான் பார்க்கவில்லை. டிக்கெட்டில் "எண்ட்ரி முழுமையாக இல்லை" என்று எழுதி மூடினேன்.

அதோடு விட்டிருந்தால்கூட அலட்சியம் என்று சொல்லலாம். அடுத்து செய்ததற்கு அந்தப் பெயரும் பொருந்தாது. ஜேஎஸ்டிஎல்லின் அவுட் டேகில் டிஃபால்ட் என்று ஒரு பண்பு உண்டு. மதிப்பு நல்லாக இருந்தால் அதற்குப் பதிலாக எதை அச்சிடலாம் என்று அதில் சொல்லலாம். அதில் ஒரு கோடு போட்டேன். அன்றிலிருந்து கடைசி வரி காலியாக வரவில்லை, கோடு வந்தது. கோடு என்றால் 'செய்யப்படவில்லை' என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். மொழி தந்த வெற்றிடமாவது இங்கே ஏதோ குறைகிறது என்று காட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரே அடையாளத்தையும் நான் அழித்தேன்.

நான் எழுதிய குறிப்பு ஆய்வகத்தின் மேலாளருக்குப் போனது. பதிவுப் பணியில் இருந்தவரை அவர் கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறார். விளக்கக் கடிதமும் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தின் நகல் மின்னஞ்சல் தொடரில் எனக்கும் வந்தது. காலியாக விடச் சொன்ன கட்டத்தைத்தான் காலியாக விட்டேன், இனி கவனமாக இருக்கிறேன் என்று எழுதியிருந்தார். இரண்டாவது பாதியை வாசித்துவிட்டு முதல் பாதியைக் கடந்துபோனேன்.

பயந்துபோன அவர் காலிக் கட்டங்களில் 0 என்று போட ஆரம்பித்தார். மதிப்பு இருப்பதால் என் வினவல் அந்த வரிசைகளை விடவில்லை. லிஸ்டுகள் ஒரே நீளமாயின. எண்கள் தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. எஸ்ஜிஓடி மட்டும் 0 என்று அச்சானது. "பாருங்கள், எண்ட்ரியைச் சரியாகச் செய்ததும் சரியாகிவிட்டது" என்று கூட்டத்தில் சொன்னேன். என் வாயால் சொன்னேன். அந்தக் கூட்டத்தில் சோதனைக் குழுப் பெண்ணும் இருந்தார், ஒன்றும் பேசவில்லை.

சுழியம் ஒரு முடிவாகாது என்று ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன் பிறகு பிடித்துக்கொண்டார். பழையபடி காலியாகவே விடச் சொன்னார். எண்கள் மறுபடி ஏறின. இந்த முறை ஒரு மருத்துவர் கண்டுபிடித்தார். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 7.1 என்று வர வாய்ப்பே இல்லை, இது புரதத்தின் எண் மாதிரி இருக்கிறதே என்று ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். அந்த அறிக்கையின் படம் எங்களுக்கு வந்தபோது திறந்து பார்த்த உடனே புரிந்துவிட்டது. எதையும் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அப்போது எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். எங்கள் மேலாளர் கத்தியிருப்பார், வேலை போயிருக்காது. சொல்லாமல், யாரும் கேட்பதற்குள் திருத்தினேன். லிஸ்டை விட்டு மேப்புக்கு மாற்றினேன். முதலில் பரிசோதனையின் வரிசை எண்ணையே சாவியாக வைத்தேன். அங்கேயும் இஎல்லின் இன்னொரு குணம் காத்திருந்தது. சுற்றின் இண்டெக்ஸை அப்படியே கொடுத்தால் அது இன்டிஜர். ஒன்றைக் கூட்டிக் கொடுத்தால் இஎல்லின் கணக்கு அதை லாங் ஆக்கிவிடும். நேரடியாக 1 என்று எழுதினாலும் லாங்தான். லிஸ்ட் ரிசால்வர் எந்த எண் வகையையும் இன்டிஜராக்கிக்கொள்வதால் அங்கே இந்த வேறுபாடு தெரியாது. மேப் அப்படி மாற்றாது. இன்டிஜர் 1-ஐச் சாவியாக வைத்திருக்கும் மேப், லாங் 1-ஐத் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிடும். மறுபடி நல், மறுபடி வெற்றிடம். என் கோடு பக்கம் முழுக்க இறங்கியது. அதைப் பார்த்தபோதுதான் அந்தக் கோட்டை எடுத்தேன். பிறகு பரிசோதனையின் குறியீட்டுச் சொல்லைச் சாவியாக்கி, பெயர், முடிவு, வரம்பு மூன்றையும் ஒரே பொருளுக்குள் வைத்தேன். ஒன்று இல்லாவிட்டால் அதன் இடம் மட்டும் காலியாகும், பக்கத்து வீட்டுக்காரர் குடிவர முடியாது. முதல் நாளே இப்படி எழுதியிருக்க வேண்டும்; அதற்குப் பெரிய அறிவொன்றும் தேவைப்பட்டிருக்காது.

அந்த மாற்றத்தைச் சேர்க்கும்போது கமிட் செய்தியில் "ரீஃபாக்டரிங்" என்று எழுதினேன். அந்த ஒரு சொல்தான் என் வாழ்க்கையில் நான் எழுதிய பெரிய பொய். டிக்கெட் எண் இல்லை, காரணம் இல்லை. அந்த நிரலைப் பின்னால் படிப்பவர் எவரும் அதற்கு முந்தைய அறிக்கைகளில் கோளாறு இருந்திருக்கும் என்று ஊகிக்க முடியாது. அதற்காகவே அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தேன். மருத்துவரின் கேள்விக்கு "அச்சுப் பிழை, சரிசெய்தாயிற்று" என்று பதில் போனது. அதை எழுதிக் கொடுத்ததும் நான்.

ஏற்கெனவே வெளியே போன அறிக்கைகளை நினைத்தால்தான் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு மருத்துவர் 7.1-ஐப் பார்த்தார். தடித்த எழுத்தில் இருந்த 92-ஐ மட்டும் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். எஸ்ஜிபிடி அப்படி ஏறியிருக்கிறது என்று கண்டால் மருத்துவர் என்ன செய்வார்? காசநோய்க்கோ கொழுப்புக்கோ சாப்பிட்டுவரும் மாத்திரையை நிறுத்தி வைக்கலாம். மஞ்சள் காமாலைக்கான பரிசோதனைகளை எழுதலாம். குடிக்கிறாயா என்று குடிக்காதவரைக் கேட்கலாம். மறுபக்கம், உண்மையிலேயே ஏறியிருந்த எஸ்ஜிபிடி ஒரு வரி மேலே போய் எஸ்ஜிஓடியாக நின்றிருக்கலாம். யாருக்கு என்ன ஆனது என்று கண்டுபிடிக்க வழி இருந்தது. பதிவான பரிசோதனைகளின் எண்ணிக்கையைவிட மதிப்புள்ள முடிவுகளின் எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதே அச்சிடப்பட்ட அறிக்கைகளை எடுக்க ஒரு வினவல் போதும். அதை எழுதினேன். ஓட்டினால் வரும் எண்ணிக்கையைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியாது என்பதால் ஓட்டாமல் மூடினேன்.

மொழியின் மேல் பழி போட்டுத் தப்ப முயன்றதும் உண்டு. இஎல் கத்தியிருந்தால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன், அது கத்தாததால்தான் இப்படி ஆயிற்று என்று எனக்குள் வாதாடியிருக்கிறேன். நிற்காத வாதம். எல்லை தாண்டினால் நல் வரும் என்பது விதியில் எழுதியிருக்கிறது; அதைப் படித்துத் தெரிந்துகொண்டுதான் அந்தப் பக்கத்தை எழுதினேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண்கள் மேலே ஏறிய அந்த வரிகளில் எந்த இண்டெக்ஸும் எல்லையைத் தாண்டவில்லை. இரண்டாம் இண்டெக்ஸில் ஓர் எண் இருந்தது, கேட்டேன், கொடுத்தது. கத்துகிற மொழியாக இருந்திருந்தால் கடைசி வரியில் ஒரு முறை கத்தியிருக்கும். அந்தக் கத்தலையும் டேட்டா இஷ்யூ என்று மூடியிருக்கக் கூடியவனாகத்தான் அன்று நான் இருந்தேன்.

அந்த நிறுவனத்துக்கும் ஆய்வகத்துக்கும் இப்போது கடிதம் எழுதிவிட்டேன். எந்தப் பக்கம், எந்த வெளியீட்டிலிருந்து எந்த வெளியீடு வரை, எந்த நிபந்தனையில் எண்கள் இடம் மாறின, அப்படிப்பட்ட அறிக்கைகளைத் தேட என்ன வினவல் போட வேண்டும் என்று எழுதி, அந்த வினவலையும் இணைத்தேன். "ரீஃபாக்டரிங்" என்று சொன்ன கமிட் எது என்பதையும் குறிப்பிட்டேன். சோதனைக் குழுப் பெண் சரியாகச் சொன்னார், நான் மூடினேன் என்று தனிப் பத்தியாக எழுதினேன். பதிவுப் பணியில் இருந்தவர் மேல் எந்தத் தவறும் இல்லை, அவருடைய கோப்பில் அந்த விளக்கக் கடிதம் இன்னும் இருந்தால் என் கடிதத்தை அதன் மேல் வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அவர் பெயரை எழுத வந்த இடத்தில் அந்தப் பழைய மின்னஞ்சலைத் தேடி எடுத்துத்தான் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.